விளையாட வைத்த ராஜகுமாரி

பத்தாம் வகுப்பில் காலடி வைத்ததும் எங்கள் கையைவிட்டு முதலில் போனது விளையாட்டு வகுப்புதான். வாரத்தில் ஒன்று கணக்குக்குப் போயிற்று, மற்றொன்று அறிவியலுக்கு. வீட்டிலோ, வயசுப் பிள்ளைக்கு ஓட்டமும் சாட்டமும் எதற்கு என்று பாட்டிமார் கேட்கிறார்கள். அதனால்தான் இந்த ஆண்டு மலரில், இளம் பிள்ளைகள் நன்றாக விளையாடவேண்டும் என்பதற்காக ஒரு திட்டமே தொடங்கிய அம்மையாரைப் பற்றி எழுதுகிறோம்.

ராஜகுமாரி அம்ரித் கௌர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லக்னோவில் பிறந்தார். தந்தை ராஜா ஹர்னாம் சிங், பஞ்சாபின் கபூர்தலா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவர். சகோதரர்களோடு வளர்ந்த மகளை இங்கிலாந்திலுள்ள ஷெர்போர்ன் பெண்கள் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே பாடத்தோடு ஆட்டமும் கற்றார். தாய்நாடு திரும்பியபின் டென்னிஸ் ஆட்டத்தில் பல பரிசுகளை வென்றார்.

அந்தக் கோப்பைகளைத் துடைத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டு சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் காந்தியடிகளிடம் சென்றது. 1927-ல் அகில இந்திய மாதர் மாநாடு தோன்றக் காரணமானவர்களுள் இவரும் ஒருவர். பர்தா முறையையும் குழந்தை மணத்தையும் எதிர்த்துப் பேசினார். 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 14 என்று வைத்தது. எங்கள் வகுப்பில் எல்லோரும் அந்த வயதைத் தாண்டிவிட்டோம்! 14 வயதில் அடுப்படிக்குப் போன பெண் எந்த மைதானத்துக்கு வந்திருப்பாள்?

1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். உப்பளங்களைப் பார்த்தபடியே பள்ளிக்கு வரும் எங்களுக்கு இச்செய்தி தனியாகத் தித்தித்தது (உப்பு தித்திக்குமா என்று தோழி ஒருத்தி கேட்டாள்). 1942-லும் கைதானார். ஏறக்குறைய 16 ஆண்டுகள் காந்தியடிகளின் செயலாளராகப் பணியாற்றினார்.

1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சரானார். அந்த அமைச்சரவையில் அவர் ஒருவரே பெண். காசநோய்க்கு எதிராக பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கத்தை நடத்தினார். அதற்கான மருந்து நம் சென்னை கிண்டியில் தயாரானது. டில்லியில் 1956-ல் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் உருவாக அவரே முதற்காரணம். நியூஸிலாந்து அதற்குப் பணம் உதவியது.

ஊசியும் மருந்தும் தரும் அமைச்சருக்கு விளையாட்டில் என்ன வேலை? அன்று டென்னிஸும் கோல்ஃபும் பெரிய மனிதர்களின் கிளப்புகளுக்குள் இருந்தன. ஏழைப் பிள்ளைக்குத் திறமை இருக்கலாம். மட்டையைப் பிடிக்கும் விரலைத் திருத்த யார் இருந்தார்கள்? பழகிவிட்ட பிழை பின்னால் எளிதில் போகாது. 1953-ல் இவர் பெயரால் ராஜகுமாரி பயிற்சித் திட்டம் தொடங்கியது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் தேர்ந்த பயிற்சியாளர்களைக் கொண்டு இளைஞர்களுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். 1961-ல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுக் கழகம் திறக்கப்பட்டது. அங்கே ஹாக்கி கற்பித்தவர் யார் தெரியுமா? ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற தியான் சந்த்! ஹாக்கிக்குப் பேர்போன நம் மாவட்டத்துக் கோவில்பட்டியில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும்.

ஒரு நல்ல கண் பார்த்துத் திருத்துவது என்னவென்று எங்களுக்கும் தெரியும். எங்கள் எறிபந்து அணியில் ஒருத்தி எறிந்தால் பந்து வலையில்தான் விழும். பி.டி. ஆசிரியை அவள் இடது காலைச் சற்று முன்னே வைக்கச் சொன்னார்கள், அவ்வளவே. பந்து எல்லைக் கோட்டருகே போய் விழுந்தது. முன்பெல்லாம் வயிற்றுவலி என்று ஒதுங்குகிறவள், இப்போது முதல் ஆளாக வந்து நிற்கிறாள்.

அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. சிம்லாவிலிருந்த தம் வீட்டைத் தாதியரும் மருத்துவக் கழகத்தாரும் ஓய்வெடுப்பதற்கென்று கொடுத்துவிட்டார். 1964 பிப்ரவரி 6 அன்று டில்லியில் காலமானார்.

இதை எழுதி முடித்த சனிக்கிழமை மாலை, வலை இருக்கும் அறையின் சாவியைக் கேட்டுச் சிஸ்டரிடம் போனோம். கட்டுரையை முழுவதும் வாசித்துவிட்டுத்தான் தந்தார்கள். ஆறு மணி மணியோசை கேட்கும்வரை விளையாடினோம்.