ரோஜே தாத்தாவும் என் லீவ் லெட்டரும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க சார் என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது கொஞ்சம் யோசித்தேன். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும், கட் அடித்துவிட்டுப் பார்த்த மேட்னி ஷோவைப் பற்றியும் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். அதனால் நான் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம் கல்லூரிப் படியை மிதித்தவர் இல்லை. அவர் இறந்து 150 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் நம் நூலகத்தில், ஆங்கில அலமாரியின் கீழ்த்தட்டில், அட்டை பிய்ந்து போய் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1971-ல் பி.யு.சி.யில் சேர்ந்தேன். கிராமத்துப் பள்ளியில் பதினோராம் வகுப்பு வரை தமிழ் மீடியம். இங்கே வந்தால் எல்லாமே இங்கிலீஷ். வகுப்பில் பாதி புரியும், பாதி புரியாது. புரிந்தமாதிரி தலையாட்டக் கற்றுக்கொண்டேன். அந்த வருஷம் கார்த்திகை மாசம் என் பாட்டி தவறிட்டாங்க. என்னைத் தூக்கி வளர்த்தவங்க. ஊருக்குப் போய்க் காரியம் முடித்துத் திரும்பியதும் லீவ் லெட்டர் எழுத வேண்டும். 'டெட்' என்று எழுத மனசு வரவில்லை. பாட்டிக்குக் கொஞ்சம் மரியாதையான வார்த்தையாகப் போடலாமே என்று நூலகத்துக்குப் போய் அந்தப் பிய்ந்த புத்தகத்தைப் புரட்டினேன். மரணம் என்ற தலைப்பின் கீழ் வரிசையாக வார்த்தைகள். கம்பீரமாக ஒன்று கண்ணில் பட்டது: 'டிஃபங்க்ட்'. என் பாட்டி டிஃபங்க்ட் ஆகிவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன்.

இழுத்து மூடிய கம்பெனி, காலாவதியான சட்டம், ஓடாமல் போன மிஷின் ஆகியவற்றுக்குத்தான் அந்த வார்த்தையைப் பெரும்பாலும் போடுவார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? லெட்டரைப் பார்த்த ஒருத்தர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவருக்கும் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதே புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்து, இதை எழுதின மனுஷன் யார் தெரியுமா என்று கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அவர் சொல்லக் கேட்டதையும், அதற்குப் பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் பீட்டர் மார்க் ரோஜே. ஆங்கில எழுத்தைப் பார்த்து ரோஜெட் என்று படித்துவிடுவோம். ரோஜே என்பதுதான் சரி. 1779 ஜனவரி 18-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அப்பா ஜெனீவாவிலிருந்து வந்த பாதிரியார். பிள்ளைக்கு நாலு வயசாகும்போது, 1783-ல், அப்பா காசநோயில் போய்விட்டார். அம்மா காதரீன்தான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். தாய்மாமன் சாமுவேல் ரோமிலி பெரிய வக்கீல், பிற்காலத்தில் பாராளுமன்ற உறுப்பினர். அப்பா இல்லாத குறை தெரியாமல் மருமகனைப் பார்த்துக்கொண்டவர் அவர்.

14 வயசில் எடின்பரோவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, 1798-ல் 19 வயசில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். நமக்கு அந்த வயசில் அரியர்ஸ் எத்தனை என்று எண்ணவே நேரம் சரியாக இருந்தது! ஆனால் பத்தொன்பது வயசுப் பையனிடம் எந்த நோயாளி வருவான்? சில காலம் பிரிஸ்டலில் டாக்டர் பெடோஸ், ஹம்ஃப்ரி டேவி ஆகியோரோடு இருந்தார். சிரிப்பூட்டும் வாயு என்று கெமிஸ்ட்ரியில் படித்தோமே, நைட்ரஸ் ஆக்சைடு, அதைத் தானே முகர்ந்து பார்த்துத் தன் அனுபவத்தை எழுதிக் கொடுத்தார். டேவி 1800-ல் வெளியிட்ட புத்தகத்தில் அது இருக்கிறது. இதுவரை உணராத ஒன்றுக்கு வார்த்தை தேடுவது எவ்வளவு பெரிய பாடு என்று அப்போதே அவருக்குப் பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

1802-ல் மான்செஸ்டர் பஞ்சாலை முதலாளி ஒருவரின் இரண்டு பிள்ளைகளுக்கு வாத்தியாராக ஐரோப்பா சுற்றப் போனார். 1803-ல் ஜெனீவாவில் இருக்கும்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மறுபடி சண்டை மூண்டது. ஜெனீவா அப்போது பிரான்சின் கையில். ஆங்கிலேயரைப் பிடித்து வைக்கச் சொல்லி நெப்போலியனின் உத்தரவு வந்துவிட்டது. அப்பா பிறந்த ஊர்தான் கைகொடுத்தது. நானும் ஜெனீவாக்காரன்தான் என்று பழைய பதிவேட்டைக் காட்டித் தாள் வாங்கி, தப்பித்து ஜெர்மன் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

1804-ல் மான்செஸ்டர் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. நோயாளிகளைப் பார்க்க வேண்டும், சொற்பொழிவு நடத்த வேண்டும், கட்டுரை எழுத வேண்டும். இதோ, நம் கதைக்கு வேண்டிய இடம் வந்துவிட்டது. எழுதும்போது அவருக்கு வார்த்தை தட்டுப்பட்டது! லண்டனில் பிறந்த, ஆங்கிலமே தாய்மொழியான, டாக்டர் பட்டம் வாங்கின மனுஷனுக்கு. அவர் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடவில்லை. தன் குறையைத் தானே தீர்த்துக்கொள்ள ஒரு நோட்டுப் போட்டார். ஒரே கருத்தைச் சுற்றி வரும் சொற்களையும் சொற்றொடர்களையும் ஒன்றாகக் கூட்டி எழுதினார். 1805-ல் அந்தப் பட்டியல் ஒரு வடிவத்துக்கு வந்தது. அப்போது அவருக்கு வயசு 26. யாரிடமும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் தானே பார்த்துக்கொண்டார். ஏறக்குறைய 47 வருஷம் அது அவருடைய சொந்த நோட்டுதான்.

நடுவில் வாழ்க்கை என்ன சும்மாவா விட்டது? 1808-ல் லண்டனுக்கு வந்தார். நம் காலத்து இன்ஜினியரிங் மாணவர்கள் சட்டைப் பையில் ஸ்லைடு ரூல் வைத்திருப்பார்களே, அதில் பெருக்கடுக்குகளையும் மூலங்களையும் கண்டுபிடிக்க உதவும் லாக்-லாக் அளவுகோலை 1814-ல் அமைத்தவர் இவர்தான். அதை வைத்து 1815-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். வேலி இடுக்கு வழியாகப் பார்த்தால் ஓடுகிற வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் ஏன் வளைந்து தெரிகின்றன என்று 1824-ல் ஒரு கட்டுரை படித்தார். அதனால் சினிமாவின் வரலாற்றிலும் அவர் பெயர் அடிபடும்.

ஆனால் சோகமும் கூடவே வந்தது. 1818-ல் மாமன் ரோமிலியின் மனைவி இறந்தார். அந்தத் துக்கம் தாங்காமல் சில நாளிலேயே ரோமிலி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த மருமகனால் காப்பாற்ற முடியவில்லை. 1824-ல் மேரி ஹாப்சன் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். ஒரு பெண், ஒரு பையன். 1833-ல் மேரியும் புற்றுநோயில் போய்விட்டார். ரோஜே மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1827 முதல் 1848 வரை ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்தார். அந்தப் பொறுப்பை விட்ட பிறகுதான், வயசு எழுபதை நெருங்கும்போது, அந்தப் பழைய நோட்டை வெளியே எடுத்தார்.

மற்றவர்கள் சாய்வு நாற்காலி தேடுகிற வயசில் இவர் முழுமூச்சாக உட்கார்ந்து அதைப் பெருக்கினார். 1852-ல் லாங்மன் கம்பெனி வெளியிட்டது. ஆசிரியருக்கு வயசு 73! புத்தகத்தின் பெயர் தெசாரஸ். கருவூலம் என்று பொருள். மொத்தம் 1000 தலைப்புகள். இருப்பு, எண், காலம் முதலிய பொதுத் தொடர்புகள்; இடம்; பருப்பொருள்; அறிவு; விருப்பாற்றல்; உணர்ச்சி என ஆறு பெரும் பிரிவுகள். அகராதி மாதிரி அகர வரிசை கிடையாது. எதிரெதிரான கருத்துகளைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார். வார்த்தை தெரியும், பொருள் தெரியாது என்பவனுக்கு அகராதி. பொருள் மனசில் இருக்கு, வார்த்தை வரலை என்பவனுக்கு ரோஜே.

இந்த மாதிரி முயற்சிகளில் தமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழையது சமஸ்கிருத அமரகோசம்தான் என்று அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். 1808-ல் செராம்பூரில் அச்சான கோல்புரூக்கின் பதிப்பையும் குறிப்பிடுகிறார். அதன் பாகுபாடு அவருக்கு அவ்வளவாகத் திருப்தி தரவில்லை என்பது வேறு விஷயம். தமிழ் படித்த நண்பர்களுக்கு இதைக் கேட்டதும் திவாகரமும் சூடாமணி நிகண்டும் ஞாபகம் வரும். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பன்னிரண்டு தொகுதிகளாகச் சொற்களைக் கூட்டி வைத்தவர்கள் நம் ஆட்கள்.

1869 செப்டம்பர் 12-ல், 90-ஆம் வயசில், வெஸ்ட் மால்வெர்னில் ரோஜே காலமானார். அதற்குள் புத்தகம் பல பதிப்புகள் கண்டுவிட்டது. பிறகு மகன் ஜான் லூயிஸ் ரோஜே, அவருக்குப் பின் பேரன் சாமுவேல் ரோமிலி ரோஜே என்று மூன்று தலைமுறை அதை வளர்த்தது. பேரனுக்கு யார் பெயரை வைத்திருக்கிறார்கள் பார்த்தீர்களா!

மறுபடி நூலகத்துக்கு வருகிறேன். இவ்வளவும் சொன்ன பேராசிரியர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பாட்டி மண்டையைப் போட்டுட்டாங்க என்று தமிழில் எழுதுவாயா என்றார். எனக்குச் சுருக்கென்றது. மாட்டேன் என்றேன். செத்தான், இறந்தார், காலமானார், தவறிட்டாங்க, சிவலோகப் பதவி அடைந்தார் எல்லாம் ஒரே தலைப்பில் வருகிற சொற்கள்தானே, எதை எங்கே போட வேண்டுமென்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்றார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில், தெருவில், எழவு வீட்டில் கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலமும் அப்படித்தான் வரும் என்றார். ரோஜே வார்த்தைகளை ஒரு குடும்பமாக உட்கார வைத்திருக்கிறார். அண்ணன் யார் தம்பி யார் என்று நீதான் பழகித் தெரிந்துகொள்ள வேண்டும், பார்க்க எடுப்பாக இருக்கிறான் என்று மாப்பிள்ளை பார்க்காதே என்றார். பிறகு லெட்டரில் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, 'பாஸ்டு அவே' என்று எழுதச் சொன்னார். ரெண்டே சின்ன வார்த்தை. பாட்டிக்கு அதுதான் பொருந்தியது.

அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒல்லி என்று தலைப்புப் போட்டு, 'ஸ்லிம்' என்றால் பாராட்டு, 'தின்' என்றால் பொது, 'ஸ்கின்னி' என்றால் கிண்டல் என்று எழுதிக்கொண்டேன். எதிரில் நம் ஒடிசல், ஒல்லி, நோஞ்சான். நடப்பதற்கு 'ஸ்ட்ரோல்' என்றால் சாப்பிட்டபின் காலாற நடப்பது, 'ட்ரட்ஜ்' என்றால் களைத்துப்போய்க் காலை இழுத்துக்கொண்டு நடப்பது, 'லிம்ப்' என்றால் நொண்டுவது. ஒவ்வொன்றுக்கும் நான் படித்த ஒரு வாக்கியம். படிக்காத வார்த்தையை நோட்டில் ஏற்றுவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

படிப்பு முடிந்து காப்பீட்டுத் துறையில் வேலைக்குப் போனேன். பல வருஷம் டெத் க்ளெய்ம் பிரிவு. கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு, மகனை இழந்த தகப்பனுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். எத்தனையோ கடிதங்களில் ஒரு வார்த்தைக்காகப் பேனாவை நிறுத்தி யோசித்திருக்கிறேன். அப்போதெல்லாம் பாட்டியும், அந்த லெட்டரும், பேராசிரியரும் ஞாபகத்துக்கு வருவார்கள். மாமனையும் மனைவியையும் பறிகொடுத்த ஒரு மனுஷன் மரணம் என்ற தலைப்பின் கீழ் ஒவ்வொரு சொல்லாக அடுக்கியதும் ஞாபகத்துக்கு வரும்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கைப்பேசியைத் தட்டினால் ஒரு சொல்லுக்கு இருபது சொல் கொட்டும். என் காலத்தில் இல்லாத வசதி, சந்தோஷம். ஆனால் அந்த இருபதில் ஒன்றை எடுக்க வேண்டியது நீங்கள்தான். நான் எடுத்தமாதிரி கம்பீரத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். இன்னொன்று, தமிழ் மீடியத்தில் படித்தேன், எனக்கு வார்த்தை வரவில்லை என்று யாரும் குறுகிப் போக வேண்டாம். ரோஜேவுக்கே வரவில்லை. ஒரு நோட்டு வாங்குங்கள்.

நூலகத்தில் அந்தப் பிய்ந்த புத்தகம் இன்னும் இருந்தால், சந்திப்பு நாளன்று வந்து ஒரு தடவை தொட்டுப் பார்க்க ஆசை. பைண்டிங் செலவு என்னுடையது.