மூன்றாம் வகுப்பு படித்த மாயாஜால மன்னன்

அடுப்பு எரிகிறது. சேலை கட்டிய ஓர் அழகி அதன் முன்னே உட்காருகிறாள். விறகை எடுத்து வைக்க வேண்டிய இடத்தில் தன் காலையே நீட்டுகிறாள். கால் விறகுபோல் எரிகிறது. அவள் பெண் அல்ல, பேய்!

ஜெகன்மோகினி படத்தில் வரும் காட்சி இது. படம் வந்த ஆண்டு 1978. தெலுங்கில் எடுக்கப்பட்டுத் தமிழ் பேசிய படம். தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்த குழந்தைகள் தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். முந்தானையின் ஓரத்தை விலக்கிக்கொண்டு ஒரு கண்ணால் மறுபடியும் பார்த்தார்கள்.

இந்தப் பேயைப் படைத்தவர் டைரக்டர் பி.விட்டலாச்சாரியா. அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். சினிமாக் கலையை எந்தக் கல்லூரியிலும் கற்றவர் அல்ல. எந்த டைரக்டரிடமும் உதவியாளராக இருந்து தொழில் பழகியவரும் அல்ல. படம் பார்த்தே படம் எடுக்கக் கற்றுக்கொண்டவர்!

வைத்தியர் வீட்டுப் பிள்ளை

கர்நாடகத்தில், உடுப்பிக்கு அருகே உத்யாவரம் என்று ஓர் ஊர். அங்கே 1920-ம் ஆண்டு ஜனவரி மாதம் விட்டலாச்சாரியா பிறந்தார். தந்தை பத்மநாபாச்சாரியா ஆயுர்வேத வைத்தியர். ஏழைகளிடம் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர். வீட்டில் பிள்ளைகள் பலர். விட்டலாச்சாரியா ஏழாவது பிள்ளை.

அந்தப் பக்கத்தில் யட்சகானம் என்ற கூத்து பிரபலம். அறுவடை முடிந்த வயலிலும் கோவில் முன்னேயும் விடிய விடிய நடக்கும். முகத்தில் கனமான வேஷம். தலையில் பெரிய கிரீடம். செண்டை ஒலிக்க, தீப்பந்த வெளிச்சத்தில் அரக்கன் அலறிக்கொண்டு வருவான். சின்னஞ்சிறு வயதில் விட்டலாச்சாரியாவின் மனதைக் கவர்ந்தது பாடப் புத்தகம் அல்ல, இந்தக் கூத்துதான்.

மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. சிறு வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பினார். அரசிக்கரை என்ற ஊருக்குப் போனார். கிடைத்த வேலைகளைச் செய்தார். பிறகு உறவினர் ஒருவரிடம் இருந்து ஒரு ஓட்டலை வாங்கி நடத்தினார். ஓட்டல் நன்றாக ஓடியது.

ஓட்டலை விட்டார், கொட்டகை போட்டார்

1942-ம் ஆண்டு. வெள்ளையனே வெளியேறு இயக்கம் நாடு முழுவதும் பரவியது. இளைஞர் விட்டலாச்சாரியாவும் நண்பர்களும் அதில் குதித்தார்கள். சிறைக்குப் போனார்கள்.

வெளியே வந்ததும் அவர் மறுபடி ஓட்டல் கல்லாவில் உட்காரவில்லை. ஓட்டலைத் தம்பியிடம் ஒப்படைத்தார். சங்கர்சிங் முதலிய நண்பர்களுடன் கூட்டுச் சேர்ந்து, ஹாசன் ஜில்லாவில் ஒரு டூரிங் டாக்கீஸ் தொடங்கினார்.

நல்ல வருமானம் தந்த தொழில் ஓட்டல். டூரிங் டாக்கீசோ மழை வந்தால் நின்றுவிடும். காற்று அடித்தால் கூரை பறந்துவிடும். படப்பெட்டி வராவிட்டால் அன்றைய வசூல் போச்சு. ஆனாலும் துணிந்தார்.

துணிச்சல் வீண் போகவில்லை. ஒரு கொட்டகை நான்கு கொட்டகை ஆயிற்று. நான்கிலும் படங்கள் மாறி மாறி வந்தன. வந்த படங்களில் ஒன்றைக்கூட விட்டலாச்சாரியா விடவில்லை. எல்லாவற்றையும் பார்த்தார். புராணப் படம், சண்டைப் படம், குடும்பப் படம், மந்திர தந்திரப் படம் எல்லாமே அவருக்குப் பாடம்.

கொட்டகைக்காரருக்குக் காசு கொடுத்துப் பார்ப்பவருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அவர் திரையையும் பார்க்கலாம். திரையைப் பார்க்கும் ஜனங்களையும் பார்க்கலாம். எந்த இடத்தில் கைதட்டல் விழுகிறது, எந்த இடத்தில் ஜனங்கள் பீடி பற்றவைக்க எழுந்து போகிறார்கள், எந்தக் காட்சியில் குழந்தை அழுகையை நிறுத்துகிறது என்பதெல்லாம் அவர் கண்ணெதிரே நடக்கும். இந்தக் கணக்கைச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் வேறு ஏது?

மைசூரில் முதல் படி

அடுத்து, படத்தைக் காட்டுபவர் படத்தைத் தயாரிப்பவர் ஆனார். மைசூரில் சங்கர்சிங்குடன் சேர்ந்து மகாத்மா பிக்சர்ஸ் என்ற கம்பெனியை நடத்தினார். நாககன்னிகா (1949), ஜகன்மோகினி (1951), சீனிவாச கல்யாணம் (1952) முதலிய கன்னடப் படங்கள் வெளிவந்தன. பாம்பும் மோகினியும் அப்போதே அவரோடு வந்துவிட்டன!

1953-ல் கூட்டு பிரிந்தது. விட்டலாச்சாரியா தனியே நின்றார். விட்டல் புரொடக்ஷன்ஸ் என்று தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். 1954-ல் கன்யாதானம் என்ற கன்னடப் படத்தைத் தாமே டைரக்ட் செய்தார். அது மந்திரப் படம் அல்ல; சமூகப் படம்.

அதே கதையைத் தெலுங்கில் எடுக்கச் சென்னைக்கு வந்தார். வந்தவர் திரும்பவில்லை. சென்னையே அவருக்கு வீடாயிற்று. தெலுங்கே அவருக்குத் தொழில் மொழியாயிற்று.

ராஜா, ராணி, ராட்சசன்!

ஜெயவிஜயம் (1959), கனகதுர்கா பூஜா மகிமா (1960) என்று தெலுங்கில் அவருடைய ராஜா ராணிப் படங்கள் வரத் தொடங்கின. காந்தாராவ் கத்தி சுழற்றினார். 1963-ல் பந்திபோட்டு படத்தில் என்.டி.ராமராவ் கதாநாயகனாக நடித்தார். இவர்தான் 1983-ல் ஆந்திராவின் முதல்-மந்திரி ஆனவர். அக்கி பிடுகு, மங்கம்மா சபதம், பிடுகு ராமுடு என்று அந்தக் கூட்டு பல படங்களுக்குத் தொடர்ந்தது.

கதை எளியது. நாட்டைப் பறிகொடுத்த இளவரசன். அவனை நம்பிய ஒரு பெண். சூழ்ச்சி செய்யும் மந்திரவாதி. குகை, பூதம், பேசும் கிளி, பறக்கும் பாய். கடைசியில் தர்மம் வெல்லும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும்.

தெலுங்கு ரசிகர்கள் அவருக்கு ஜானபத பிரம்மா என்று பட்டம் கொடுத்தார்கள். நாட்டுப்புறக் கதைகளைப் படைக்கும் பிரம்மா என்று பொருள். தமிழ்நாட்டு ரசிகர்கள் மாயாஜால மன்னன் என்றார்கள்.

சிக்கனத்தின் சக்கரவர்த்தி

விட்டலாச்சாரியா பணத்தை வாரி இறைப்பவர் அல்ல. ஓட்டல் நடத்தியவருக்கு அரிசிக் கணக்கு தெரியாதா? அரண்மனை செட் ஒன்று போட்டால் அதைப் பல மாதிரி மாற்றுவார். திரைச்சீலை மாறினால் அந்தப்புரம். தூண் இடம் மாறினால் ராஜசபை. விளக்கைக் குறைத்தால் பாதாளச் சிறை. திட்டமிட்டபடி, குறைந்த செலவில், குறித்த காலத்தில் படத்தை முடிப்பார்.

அவரைப் பற்றிச் சினிமா வட்டாரத்தில் ஒரு கதை சொல்வது உண்டு. நடிகர் யாராவது படப்பிடிப்புக்கு வராமல் இழுத்தடித்தால் அவர் கெஞ்ச மாட்டாராம். கதையில் ஒரு முனிவரைக் கொண்டுவந்து சாபம் கொடுக்க வைப்பாராம். அந்தப் பாத்திரம் கிளியாகவோ ஆடாகவோ மாறிவிடும். பிறகு கிளியை வைத்தே மிச்சப் படத்தை முடித்துவிடுவாராம்!

பேய் எப்படி வந்தது?

கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. மனிதன் மறைவதும் பேய் தோன்றுவதும் காமிராவின் வேலை.

மனிதன் திடீரென்று மறைய வேண்டுமா? காமிராவை நிறுத்துவார்கள். மற்ற நடிகர்கள் சிலைபோல் அசையாமல் நிற்க வேண்டும். மறைய வேண்டியவர் மட்டும் வெளியே போய்விடுவார். மறுபடி காமிரா ஓடும். திரையில் பார்த்தால் ஆளைக் காணோம்!

பேயின் உடம்புக்குள் சுவர் தெரிய வேண்டுமா? முதலில் வெறும் அறையைப் படம் பிடிப்பார்கள். அதே பிலிமைப் பின்னால் சுற்றி, கறுப்புத் துணிக்கு முன்னே நிற்கும் நடிகையை அதன்மேல் மறுபடி படம் பிடிப்பார்கள். இரண்டு படமும் ஒன்றாகும். சுவரும் தெரியும்; பேயும் தெரியும்.

இந்த வித்தைகள் சினிமாவின் வயதுள்ளவை. பிரான்ஸ் நாட்டில் ஜார்ஜ் மெலியே என்று ஒரு மந்திரக் காட்சிக்காரர் இருந்தார். 1896-லேயே காமிராவை நிறுத்தி ஆளை மறைத்துக் காட்டினார். பேய் மாளிகைப் படம் எடுத்தார். 1902-ல் சந்திரனுக்குப் போகும் படமும் எடுத்தார். தமிழிலும் 1963-ல் கலை அரசி வந்தது. வேறு கிரகத்தில் இருந்து ஆட்கள் பறக்கும் தட்டில் வந்து பாடகியைத் தூக்கிப் போகும் கதை. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். பூதம் ஆனாலும் விண்வெளி ஆனாலும் அன்று எல்லாம் காமிரா வித்தைதான்.

தாமிரபரணிக் கரையில்

இந்தப் படங்கள் தமிழ் பேசிக்கொண்டு சிற்றூர் கொட்டகைகளுக்கெல்லாம் வந்தன. ஸ்ரீவைகுண்டம் வட்டாரம் போன்ற வயலும் வாழைத் தோட்டமும் நிறைந்த பகுதிகளில் அவை புதியவை போலவே தோன்றவில்லை. காரணம் உண்டு.

நெல்லைச் சீமையில் கோவில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இருக்கும். கணியான் கூத்து இருக்கும். சுடலைமாடன் கதை நள்ளிரவில் உச்சத்துக்குப் போகும். சாமியாடி தீப்பந்தம் பிடித்து மயான வேட்டைக்குக் கிளம்புவார். இசக்கியின் கதையும் நீலியின் கதையும் பாட்டிமார் வாயில் வாழ்ந்தன. அநியாயமாகக் கொல்லப்பட்ட பெண் பேயாகி வந்து நியாயம் கேட்பாள்.

உத்யாவரத்துச் சிறுவன் யட்சகானத்தில் கண்டதும், தாமிரபரணிக் கரைக் குழந்தைகள் வில்லுப்பாட்டில் கேட்டதும் ஒரே குடும்பத்துக் கதைகள். அதனால்தான் மொழி மாறியும் படம் மனதில் ஒட்டிக்கொண்டது. பேயைப் பார்த்துப் பயந்தார்கள். அந்தப் பேய்க்கு நேர்ந்த கொடுமையைப் பார்த்து இரக்கமும் பட்டார்கள்.

ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழிதான் சோதனை. இருட்டில் வாய்க்கால் கரை. வழியில் புளியமரம். பெரியவர்கள்கூட வாய்விட்டுப் பேசிக்கொண்டே கூட்டமாக நடந்தார்கள். மறுநாள் சாயங்காலம் கொட்டகையில் பாட்டுப் போட்டதும் அதே கூட்டம் மறுபடி டிக்கெட்டுக்கு நின்றது!

கடைசிப் பந்தயம்

காலம் மாறியது. கலர்ப் படங்கள் பெருகின. நகரத்துக் கதைகள் வந்தன. ராஜா ராணிப் படங்களின் மவுசு குறைந்தது. 1972-ல் நாகேஸ்வரராவை வைத்து பீதலபாட்லு என்ற படத்தை எடுத்தார். அது ஏழை படும் பாட்டைச் சொல்லும் கதை. ஆனாலும் ஜனங்கள் அவரிடம் எதிர்பார்த்தது பேயும் மந்திரமும்தான்.

அறுபது வயதை நெருங்கும் நேரத்தில் அவர் ஒரு பந்தயம் கட்டினார். பெரிய நட்சத்திரம் இல்லாமல், நரசிம்மராஜு, ஜெயமாலினி ஆகியோரை வைத்து ஜெகன்மோகினியை எடுத்தார். மைசூர் நாட்களில் கைகொடுத்த அதே பெயர். தோற்றிருந்தால் பழைய காலத்து மனிதர் என்று ஒதுக்கியிருப்பார்கள். படம் அமோகமாக ஓடியது. தமிழிலும் கொட்டகைகள் நிரம்பின. 1979-ல் கந்தர்வ கன்யா, 1980-ல் மதன மஞ்சரி என்று மறுபடியும் அவருடைய கொடி பறந்தது. 1985-ல் ஜெய் பேதாளம் என்ற படத்தை முப்பரிமாண முறையில் எடுத்தார். கண்ணாடி போட்டுப் பார்க்கும் படம்!

பெயர் நிலைத்தது

1999-ம் ஆண்டு மே மாதம் 28-ந் தேதி சென்னையில் விட்டலாச்சாரியா காலமானார். அப்போது அவருக்கு வயது 79.

2009-ல் ஜெகன்மோகினி என்ற பெயரில் தமிழில் மறுபடியும் ஒரு படம் வந்தது. கம்ப்யூட்டர் வித்தைகள் நிறைந்த காலத்திலும் பழைய மோகினியைத்தான் தேடி வந்தார்கள். நம்ப முடியாத காட்சி எதைக் கண்டாலும் விட்டலாச்சாரியா படம் போல இருக்கிறது என்று தமிழ்நாட்டில் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. ஒரு மனிதரின் பெயர் பேச்சு வழக்கில் கலந்துவிட்டது.

கீற்றுக் கொட்டகைகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. இப்போது கையில் இருக்கும் போனிலேயே நாளுக்கு ஒரு பேய்ப் படம் பார்க்கலாம். விண்வெளிப் படமும் பார்க்கலாம். வருஷம் முழுவதும் பார்த்தாலும் தீராது. பலருக்கு அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கில் தவறு இல்லை.

ஆனால், ஹாசன் ஜில்லாக் கொட்டகையில் நின்று படம் படமாகப் பார்த்த அந்த வாலிபர் பொழுதை மட்டும் போக்கவில்லை. ஒவ்வொரு படமும் எப்படி எடுக்கப்பட்டது, ஜனங்களுக்கு ஏன் பிடித்தது என்று கவனித்தார். மூன்று வகுப்புக்கு மேல் கிடைக்காத படிப்பை அங்கேதான் படித்து முடித்தார்.