இரண்டு வருடப் படிப்பைக் கொடுத்தவர்



டிப்ளமோ முடித்தவர் நேராக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம் என்பது நமக்குத் தெரியும். வேலை கிடைத்தால் அதோடு நிற்கலாம், வசதிப்பட்டால் மேலே படிக்கலாம். ஏறக்குறைய இதே போன்ற ஏற்பாட்டை நூறு வருடத்துக்கு முன்பே அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கொண்டு வந்தவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர்.

ஒஹையோ மாநிலத்தில் நியூ கான்கார்டு என்ற சிற்றூரில் 1856 ஜூலை 24 அன்று பிறந்தார். அப்பா அந்த ஊரிலேயே கடை வைத்திருந்தவர். பையன் பத்து வயதில் உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்து, 14 வயதில் பட்டம் வாங்கிவிட்டான். பட்டமளிப்பு விழாவில் பேசியது எபிரேய மொழியில்! அப்புறம் கொஞ்ச காலம் அப்பா கடையில் நின்றார், ஊர் பேண்டு வாத்தியக் குழுவில் ஊதினார். 1875-ல் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். அப்போது வயது 18. நம்ம வயசுதாங்க! நம்மில் பாதிப் பேருக்கு அந்த வயதில் மெக்கானிக்ஸ் அரியரே முடிவதில்லை.

இவ்வளவு மேதை, தன்னைப் போன்ற மேதைகளுக்கு மட்டும் பள்ளிக்கூடம் நடத்தியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் செய்ததோ வேறு. சிகாகோ பக்கத்தில் மார்கன் பார்க் என்ற இடத்தில் வாத்தியாராக இருந்தபோதே, வகுப்புக்கு வர முடியாதவர்களுக்குத் தபால் மூலம் எபிரேயம் கற்றுக் கொடுத்தார். 1889-ல் எண்ணெய் முதலாளி ராக்பெல்லர் ஆறு லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டார். 1892-ல் சிகாகோ பல்கலைக்கழகம் திறந்தது. முதல் தலைவர் ஹார்ப்பர்தான். முதல் நாளிலிருந்தே பெண்களுக்கும் இடம் உண்டு. தபால் வழிப் பாடமும் உண்டு.

நான்கு வருடப் படிப்பை இரண்டாகப் பிரித்தார். முதல் பாதிக்கு ஜூனியர் காலேஜ், அடுத்ததுக்கு சீனியர் காலேஜ் என்று பெயர் வந்தது. 1900 முதல், முதல் பாதியை முடித்தவர்களுக்குத் தனிப் பட்டமும் கொடுத்தார்கள். அதுவரை இரண்டு வருடத்தில் நின்றவனை ஊர் பாதியில் ஓடி வந்தவன் என்றுதான் பார்த்தது. அவன் கையில் ஒரு பட்டத்தைக் கொடுத்தார் ஹார்ப்பர்.

அவர் மனதில் இன்னொரு கணக்கும் இருந்ததை மறைக்கக் கூடாது. தொடக்கப் பாடங்களை வேறு இடங்கள் பார்த்துக்கொண்டால், பல்கலைக்கழகம் ஆராய்ச்சியைக் கவனிக்கலாம் என்றும் நினைத்தார். சிலர் இரண்டு வருடத்தோடு நின்றுவிடுவதே நல்லது என்பதும் அவர் கருத்து. எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது. யார் நிற்க வேண்டும் என்பதை அந்த மாணவன் முடிவு செய்ய வேண்டுமே தவிர, அவன் பிறந்த வீடு முடிவு செய்யக் கூடாது.

அதற்கு வழி கிடைத்த ஊர் ஜோலியட். சிகாகோவுக்குத் தென்மேற்கே உள்ள கல் குவாரி, இரும்பாலை ஊர். அங்கே ஹைஸ்கூல் தலைமையாசிரியராக இருந்த ஸ்டான்லி பிரவுன், ஹார்ப்பரோடு கலந்து பேசி, 1901-ல் பள்ளிக் கட்டடத்திலேயே கல்லூரிப் பாடத்தைத் தொடங்கினார். சேர்ந்தது ஆறே பேர். வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டு உள்ளூரிலேயே படிக்கலாம். ஹாஸ்டல் செலவு இல்லை. அடுத்த வருடம் கட்டணமும் இல்லை என்று ஆக்கினார்கள். படித்து முடித்த பாடங்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் கணக்கில் எடுத்துக்கொண்டது. இந்த ஒன்றுதான் முக்கியம் என்பேன். மேலே ஏற்றுக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அந்த ஆறு பேரும் நடுவழியில் நின்றிருப்பார்கள்.

நாம் பெருமைப்பட ஒரு செய்தி: பியோரியா ஊரில் 1897-ல் பிராட்லி பாலிடெக்னிக் தொடங்கியபோது, அதற்கு யோசனை சொன்னவரும், ஆசிரியர் குழுவின் முதல் தலைவராக இருந்தவரும் இதே ஹார்ப்பர்தான்.

புற்றுநோய் வந்த பிறகும் அவர் வேலையை விடவில்லை. 1906 ஜனவரி 10 அன்று, 49 வயதில் காலமானார்.

அதன் பிறகு நடந்ததை அவர் பார்க்கவில்லை. 1911-ல் சிகாகோ நகரமே கிரேன் பள்ளியில் ஒரு ஜூனியர் காலேஜ் தொடங்கியது. பொருளாதார நெருக்கடியில் 1933-ல் அதை மூடினார்கள். மறு வருடமே ஒன்றுக்குப் பதில் மூன்று திறந்தன! 1965-ல் இல்லினாய் அரசு தனிச் சட்டம் போட்டு மாநிலம் முழுக்கப் பரப்பியது. இன்று அங்கே 48 சமுதாயக் கல்லூரிகள். வெல்டிங், நர்சிங், கணக்குப் பதிவு என்று தொழிற்படிப்புகளும் உண்டு, மாலை வகுப்புகளும் உண்டு. ஜோலியட் கல்லூரி இன்றும் நடக்கிறது.

சிகாகோவுக்கு வடமேற்கே பாலட்டைனில் ஹார்ப்பர் பெயரிலேயே ஒரு கல்லூரி உள்ளது. 1967-ல் வகுப்புகள் தொடங்கின. அதுவும் இரண்டு வருடக் கல்லூரிதான்.