இம்பேக்ட் ஃபேக்டருக்கு முன்பே ‘லைப்ராமெட்ரி’: யார் இந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்?

அடையாறு வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் ‘ரெவ்யூ ஆஃப் டெவலப்மென்ட் அண்ட் சேஞ்ச்’ மாதிரியான சமூக அறிவியல் இதழ்களில் எழுதும் இளம் ஆய்வாளர்களைத் துரத்தும் கேள்வி ஒன்று உண்டு: இம்பேக்ட் ஃபேக்டர் எவ்வளவு? கணக்கு சிம்பிள்தான். ஓர் இதழ் கடந்த 2 ஆண்டுகளில் 100 கட்டுரைகள் வெளியிட்டு, அவை இந்த ஆண்டு 150 முறை மேற்கோள் காட்டப்பட்டால் மதிப்பு 1.5.

அறிவை இப்படி எண்ணால் அளக்கலாம் என்று யோசித்தவர்களில் நம்ம ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். சீர்காழியில் 1892-ல் பிறந்த ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வேலை செம போர்! சில நாட்களிலேயே வகுப்பறைக்குத் திரும்பத் துடித்தார். பயிற்சிக்காக லண்டன் போனதும்தான் மனசு மாறியது. அங்கே ஒரு கடையில் பார்த்த ‘மெக்கானோ’ பொம்மை, துண்டுகளைச் சேர்த்து எதையும் உருவாக்கலாம் என்று காட்ட, கோலன் பகுப்புமுறைக்கு வித்து விழுந்தது. ஊர் திரும்பியவர், பூட்டிய அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார்.

பொருளாதாரத்துக்கு எக்கனாமெட்ரி இருப்பதுபோல நூலகத்துக்கும் ‘லைப்ராமெட்ரி’ வேண்டும் என்று இங்கிலாந்து மாநாடு ஒன்றில் 1948-ல் சொன்னார். ‘பிப்ளியோமெட்ரிக்ஸ்’ என்ற பெயர் வந்ததே 1969-ல்தான்.

ஒன்றைக் கவனிக்கணும். ரங்கநாதன் மேற்கோள்களை எண்ணியவர் அல்ல; வாசகருக்குச் சேவை சரியாகப் போகிறதா என்று பார்க்கத்தான் புள்ளியியலைக் கேட்டார். மேற்கோள் அட்டவணையை உருவாக்கியவர் அமெரிக்கர் யூஜின் கார்ஃபீல்ட். அவரும் 1984-ல் ரங்கநாதனுக்குப் புகழஞ்சலிக் கட்டுரை எழுதினார்.

கார்ஃபீல்டின் கணக்கு சமூக அறிவியலுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. ஒரு கிராமத்தைப் பற்றிய ஆய்வு பத்து வருஷம் கழித்தும் மேற்கோளாகலாம். 2 ஆண்டுக் கணக்கில் அது விழாது. தமிழில் எழுதியது பெரும்பாலும் எண்ணிக்கைக்கே வராது. ஆனால், வேலை, பதவி உயர்வு எல்லாம் அந்த எண்ணைப் பார்த்தும் முடிவாகிறது.

ரங்கநாதன் 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூருவில் காலமானார். தன் சேமிப்பில் இருந்து ஒரு லட்சம் ரூபாயை, மனைவி சாரதா பெயரில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஏற்படுத்த சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்திருந்தார்.