நிழலை வைத்துப் பூமியை அளந்தவர்

எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர்களுக்கு அந்தக் கணக்கு நினைவிருக்கும். ஒரு வட்டம். மையத்திலிருந்து இரண்டு ஆரங்கள். நடுவே உள்ள கோணம் இத்தனை பாகை, எதிரே உள்ள வில்லின் நீளம் இத்தனை சென்டிமீட்டர், வட்டத்தின் சுற்றளவு என்ன? கோணம் 360 பாகையில் எத்தனையில் ஒரு பங்கோ, வில்லும் சுற்றளவில் அத்தனையில் ஒரு பங்கு. அவ்வளவுதான் விஷயம்.

இந்தச் சிறு கணக்கைக் கொண்டு பூமி உருண்டையின் சுற்றளவையே சொன்னவர் எரட்டோஸ்தனிஸ். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர்.

பிழைக்கப் போன ஊர்

கி.மு. 276-ம் ஆண்டு வாக்கில் சைரீன் என்ற ஊரில் பிறந்தார். கிரேக்கர்கள் கடல் கடந்து போய்க் குடியேறிய ஊர் அது. இப்போது லிபியா நாட்டில் இருக்கிறது. படிப்புக்காக ஏதென்ஸ் நகரம் சென்று தத்துவம் பயின்றார். பிறகு எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமி மன்னர் அழைக்கவே, கி.மு. 245 வாக்கில் அலெக்சாண்டிரியாவுக்குப் போனார். அதன் பின் கடைசி வரை அந்த ஊர்தான். அரண்மனையில் இளவரசனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். புகழ் பெற்ற அலெக்சாண்டிரியா நூலகத்துக்குத் தலைவராகவும் இருந்தார்.

உத்தியோகம் பெரியதுதான். ஆனால் உடனிருந்தவர்கள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். பீட்டா என்று பெயர். பீட்டா என்பது கிரேக்க நெடுங்கணக்கில் இரண்டாவது எழுத்து. வானநூல், புவியியல், கணிதம், கவிதை, சரித்திரம் என்று எதை எடுத்தாலும் எழுதுகிறார், ஆனால் எதிலும் முதல் ஆள் இல்லை, எல்லாவற்றிலும் இரண்டாவது ஆள்தான் என்று அதற்கு அர்த்தம். இன்னொரு பட்டப்பெயர் ஐந்து விளையாட்டு வீரன். ஓட்டம், தாண்டல், எறிதல், மற்போர் எல்லாவற்றிலும் கலந்து கொள்பவன் என்று பொருள். ஒரு மனிதர் நாலு வேலை தெரிந்து வைத்திருந்தால் இப்படிப் பெயர் வைப்பவர்கள் எல்லா ஆபீசிலும், எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள் போலும்!

அந்தக் காலத்தின் முதல் கணித மேதை ஆர்க்கிமிடிஸ். அவர் தம் முறைகளை விளக்கி எழுதிய ஒரு நூலை இந்த இரண்டாம் எழுத்துக்காரருக்குத்தான் எழுதி அனுப்பினார் என்பது குறிப்பிடத்தக்கது. பகா எண்களைச் சலித்து எடுக்கப் பள்ளியில் சொல்லித் தரும் சல்லடை முறையும் எரட்டோஸ்தனிஸ் பெயரில்தான் வழங்குகிறது.

கிணற்றில் விழுந்த வெயில்

அலெக்சாண்டிரியாவுக்குத் தெற்கே, நைல் நதியோரம் சையீன் என்ற ஊர். இப்போதைய அஸ்வான். ஜூன் மாதத்தில் பகல் மிக நீண்டிருக்கும் நாளில், நண்பகலில் அங்கே குச்சியை நட்டால் நிழல் விழாது. ஆழமான கிணற்றின் அடித் தண்ணீரிலும் வெயில் படும். அதாவது சூரியன் நேர் உச்சியில். நம் பெங்களூரிலும் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்டு 18 வாக்கிலும் இப்படி நிழல் காலடியில் மறைவதைப் பார்க்கலாம்.

அதே நாளில், அதே நண்பகலில், அலெக்சாண்டிரியாவில் நிழல் விழுந்தது. நடுவில் ஊசி நட்ட கிண்ணம் போன்ற வெயில் கடிகாரத்தில் அந்த நிழலின் வில்லை எரட்டோஸ்தனிஸ் அளந்தார். முழு வட்டத்தில் 50-ல் ஒரு பங்கு. நம் கணக்கில் 7.2 பாகை. அவர் பாகையில் சொல்லவில்லை, 50-ல் ஒரு பங்கு என்றே வைத்துக் கொண்டார்.

இனி அவர் செய்த யோசனைதான் முக்கியம். சூரியன் வெகு தூரத்தில் இருப்பதால் இரண்டு ஊரிலும் விழும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணை. சையீன் கதிரைக் கீழே நீட்டினால் பூமியின் மையத்துக்குப் போகும். அலெக்சாண்டிரியாவில் நட்ட ஊசியைக் கீழே நீட்டினாலும் அதே மையத்துக்குப் போகும். இணைகோடுகளை ஒரு கோடு வெட்டினால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். ஆகவே மேலே நிழல் காட்டிய கோணம்தான் பூமியின் மையத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள கோணம். பூமிக்குள் யாரும் இறங்காமலே மையக் கோணம் கிடைத்து விட்டது!

இரண்டு ஊருக்கும் இடையே தூரம் 5,000 ஸ்டேடியம். இது அரசாங்க அளவைக்காரர்கள் அளந்து வைத்திருந்த கணக்கு என்று பிற்கால நூல் ஒன்று கூறுகிறது. வெயிலில் அளந்து சம்பளம் வாங்கிய அந்த ஆட்களின் பெயர் எங்கும் இல்லை. 5,000-ஐ 50-ஆல் பெருக்க, சுற்றளவு 2,50,000 ஸ்டேடியம். பிறகு வகுப்பதற்கு வசதியாக 2,52,000 என்று திருத்திக் கொண்டார்.

ஒரு ஸ்டேடியத்தை 157 மீட்டர் என்றும் 185 மீட்டர் என்றும் இரு விதமாகச் சொல்கிறார்கள். முன்னதை வைத்தால் 39,600 கிலோ மீட்டருக்குச் சற்றுக் குறைவு, பின்னதை வைத்தால் 46,600 கிலோ மீட்டர். துருவங்கள் வழியே பூமியின் உண்மைச் சுற்றளவு 40,008 கிலோ மீட்டர். சையீன் நேர் தெற்கே இல்லை, கிழக்கே 3 பாகை தள்ளி இருக்கிறது. அந்தக் குறையும் அவர் கணக்கில் உண்டு.

பெங்களூர் வாசகர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்கலாம். பெங்களூரும் கன்னியாகுமரியும் ஏறத்தாழ ஒரே தீர்க்க ரேகையில் உள்ளன. டிசம்பரில் ஒரு நாள் இரண்டு ஊரிலும் நண்பகல் நிழலின் கோணத்தை அளந்தால் வித்தியாசம் சுமார் 4.9 பாகை வரும். நேர்கோட்டுத் தூரம் சுமார் 540 கிலோ மீட்டர். 540-ஐ 360-ஆல் பெருக்கி 4.9-ஆல் வகுத்தால் 39,673. ஆனால் ரயில் தூரத்தைப் போட்டு விடக்கூடாது. கேரளத்தைச் சுற்றிப் போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் 900 கிலோ மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்தக் கணக்கில் பூமி பெருத்து விடும்!

சுருங்கிய பூமி

இவ்வளவு கிட்டத்தில் வந்த கணக்கைப் பின்னால் வந்தவர்கள் காப்பாற்றவில்லை. கி.பி. 2-ம் நூற்றாண்டில் தாலமி என்ற புவியியல் அறிஞர் (மன்னர் குடும்பத்தவர் அல்ல) 1,80,000 ஸ்டேடியம் என்ற சிறிய கணக்கை எடுத்துக் கொண்டார். அவர் நூல்தான் பல நூற்றாண்டுகள் செல்வாக்குடன் இருந்தது. 1492-ல் கொலம்பஸ் மேற்கே கப்பல் விட்டதும் பூமி சிறியது, ஆசியா கிட்டத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். நடுவில் அமெரிக்கா இல்லாதிருந்தால் அவரும் மாலுமிகளும் சோறு தண்ணீர் இல்லாமல் கடலிலேயே முடிந்திருப்பார்கள்.

எரட்டோஸ்தனிஸுக்கு முதுமையில் கண் பார்வை போயிற்று. சுற்றிலும் சுவடிகள், படிக்க முடியவில்லை. கி.மு. 194 வாக்கில், 80 வயதை ஒட்டி, உணவை விலக்கி உயிர் விட்டார் என்று சொல்லப்படுகிறது. பூமியை அளந்த விதத்தை விளக்கி அவர் எழுதிய நூலும் தொலைந்து போயிற்று. கிளியோமிடிஸ் என்பவர் பிற்காலத்தில் ஒரு வானநூல் பாடப்புத்தகம் எழுதினார். கிண்ணம், நிழல், 50-ல் ஒரு பங்கு எல்லாம் அதில் சில பக்கங்களில் எழுதப்பட்டிருப்பதால்தான் நமக்குத் தெரிய வந்துள்ளன.