தாமஸ் மன்றோ

சர் தாமஸ் மன்றோ (மே 27, 1761 – ஜூலை 6, 1827) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் படை அதிகாரியாகவும், வருவாய்த்துறை நிர்வாகியாகவும், 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராகவும் பணியாற்றியவர். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அடங்கிய பாராமகால் பகுதியில் பணிபுரிந்தபோது, ரயத்துவாரி எனப்படும் நிலவரி முறையின் உருவாக்கத்தில் பங்கு கொண்டார். தமிழக உழவர்கள் பணப் பொருளாதாரத்துடனும் அதன் வழியே உலக வணிகத்துடனும் இணைக்கப்பட்ட வரலாற்றில் இவருக்கு முக்கிய இடம் உண்டு.

இளமை

மன்றோ ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அவரது தந்தை அமெரிக்காவின் வர்ஜீனியாவுடன் வணிகம் செய்தவர். வர்ஜீனியப் புகையிலை வணிகத்தால் அக்காலத்தில் கிளாஸ்கோ செழித்திருந்தது. அமெரிக்க விடுதலைப் போரினால் அவ்வணிகம் முறிந்து, குடும்பம் செல்வத்தை இழந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்று, வணிக நிறுவனமொன்றில் கணக்குப் பணி பழகிய மன்றோ, 1779 இல் கம்பனியின் காலாட்படையில் சேர்ந்து 1780 இல் சென்னை வந்தடைந்தார். ஐதர் அலிக்கும் திப்பு சுல்தானுக்கும் எதிரான போர்களில் பங்கேற்றார்.

தருமபுரியில்

1792 இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பனிக்கு விட்டுக்கொடுத்தார். அதன் நிர்வாகம் கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு உதவியாளர்களாக அமர்த்தப்பட்டோரில் மன்றோவும் ஒருவர். 1799 வரை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இப்பகுதியில் பணிபுரிந்த அவர், தருமபுரியில் வசித்தார்.

ரீடும் உதவியாளர்களும் ஊர் ஊராகச் சென்று நிலங்களை அளந்து, மண்ணின் தன்மைக்கேற்ப வரி விதித்தனர். இடைத்தரகர் இன்றி உழவரிடமிருந்து அரசே நேரடியாக வரி பெறுவது இம்முறையின் அடிப்படை. ரயத்து என்பது உழவரைக் குறிக்கும் சொல். இம்முறையை முதலில் வகுத்தவர் ரீட். அதனை வளர்த்து மாகாணம் முழுவதற்கும் கொண்டுசென்றவர் மன்றோ.

வரி பணமாகச் செலுத்தப்பட வேண்டியிருந்தது. மழையை நம்பிக் கேழ்வரகும் சோளமும் விளைவித்த புன்செய் உழவரும் கிஸ்தி கட்டும் காலத்திற்குள் விளைச்சலை விற்றாக வேண்டும். இயலாதபோது கடன் வாங்க வேண்டும். இதனால் சந்தை விலை உழவரின் வாழ்வைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்றாயிற்று.

பிற்காலப் பணிகள்

மன்றோ 1799 இல் கனராவிற்கும், 1800 இல் பெல்லாரி, கடப்பை முதலிய பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டார். இதற்கிடையே பாராமகாலில் நிலையான நிலவரித் திட்டம் புகுத்தப்பட்டு, நிலங்கள் மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டன. வரி செலுத்த இயலாமல் பல மிட்டாக்கள் வீழ்ந்தன. 1807 இல் மன்றோ, நிலவரியை நான்கில் ஒரு பங்கு குறைக்குமாறு பரிந்துரைத்தார். அது உடனே ஏற்கப்படவில்லை. அவர் ஆளுநரான 1820 ஆம் ஆண்டில் ரயத்துவாரி முறை மாகாணத்தின் பொது முறையாக்கப்பட்டது.

தடையற்ற வணிகம் பற்றிய சாட்சியம்

1813 இல் கம்பனியின் பட்டயத்தைப் புதுப்பிப்பது குறித்துப் பிரித்தானிய நாடாளுமன்றம் மன்றோவை விசாரித்தது. இந்தியர்களின் எளிய வாழ்க்கை முறை, தட்பவெப்பம், உள்நாட்டுப் பொருட்களின் தரமும் மலிவும் ஆகியவற்றால் பிரித்தானியப் பொருட்கள் இந்தியாவில் பெருமளவில் விற்பனையாகா என்று அவர் கூறினார். தாம் ஏழாண்டுகள் பயன்படுத்தியும் தேயாத இந்தியச் சால்வையைச் சான்றாகக் காட்டினார். அவ்வாண்டுச் சட்டம், தேயிலையும் சீன வணிகமும் நீங்கலாக, கம்பனியின் இந்திய வணிக முற்றுரிமையை நீக்கியது.

அவரது கணிப்பு பொய்த்தது. இயந்திரங்களில் நெய்த லங்காஷயர் துணிகள் இந்தியச் சந்தைகளை நிறைத்தன. இந்தியத் துணி ஏற்றுமதி சரிந்தது. கைத்தறியின் தரத்தை நன்கறிந்திருந்த மன்றோ, இயந்திர உற்பத்தி விலையை எவ்வளவு குறைக்கும் என்பதைக் கணிக்கவில்லை.

மறைவும் மதிப்பீடும்

1827 இல் சுற்றுப்பயணத்தின்போது இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மன்றோ காலமானார். சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்த அவரது குதிரைச் சிலை சென்னைத் தீவுத்திடலருகே உள்ளது.

உழவரின் நிலவுரிமையை அரசு நேரடியாக ஏற்றது ரயத்துவாரி முறையின் சிறப்பாகக் கருதப்படுகிறது. எனினும் அவர் மறைவுக்குப் பின் 1850கள் வரை தானிய விலைகள் தாழ்ந்திருந்தன. பணத்தில் விதிக்கப்பட்ட வரி விலைக்கேற்பக் குறையாததால், அதே வரியைக் கட்ட உழவர் கூடுதல் தானியத்தை விற்க நேர்ந்தது. அமெரிக்கப் போரால் நொடித்த வணிகரின் மகன் வளர்த்த முறையில், தருமபுரி உழவரும் தம் கட்டுப்பாட்டில் இல்லாத விலைகளுக்கு உட்பட்டனர்.