கெப்ளரும் அவர் கண்ட விண்மீனும்

கோள்களின் பாதை வட்டமன்று, நீள்வட்டமே என நிறுவிய ஜோகன்னஸ் கெப்ளரைப் பள்ளிப் பாடங்களில் நாம் அறிவோம். ஊர்விட்டு ஊர் பெயர்ந்து வாழ்ந்த அப்பெரியார், ஒரு விண்மீனின் மறைவுக்குச் சான்று எழுதி வைத்த வரலாற்றை அறிந்தோர் சிலரே.

1571-இல் ஜெர்மனியில் பிறந்தவர் கெப்ளர். இளமையில் கண்ட பெரியம்மை அவரது பார்வையைக் குன்றச் செய்தது. கிராட்ஸ் நகரில் கணித ஆசிரியராயிருந்தவர், தம் சமயத்தைத் துறக்க மறுத்தமையால் 1600-இல் வெளியேற்றப்பட்டார். பிராகு நகரம் புகலளித்தது. அங்கே டைகோ பிராகேயிடம் பணிபுரிந்து, அவர் மறைந்தபின் பேரரசரின் கணித அறிஞரானார்.

1604 அக்டோபரில், பாம்பைப் பற்றிய மனிதனாக மேனாட்டார் உருவகிக்கும் விண்மீன் கூட்டத்தில் புதிய ஒளி ஒன்று தோன்றியது. சோதிடர் பலவாறு பலன் கூறினர். தொலைநோக்கி தோன்றாத அக்காலத்தில், மங்கிய கண்களையுடைய கெப்ளர் ஏறத்தாழ ஓராண்டு அதனைத் தொடர்ந்து நோக்கி, அதன் இடத்தை அளந்து, 1606-இல் நூலாக வெளியிட்டார்.

பின்னர் வந்தவை துயர ஆண்டுகள். 1611-இல் மனைவியையும் மகனையும் இழந்தார். முதிய தாயார் சூனியக்காரி எனக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையுற்றபோது, தாமே வாதாடி 1621-இல் மீட்டார். வரவேண்டிய பணத்தை நாடிச் சென்ற ரீகன்ஸ்பர்க் நகரில் 1630-இல் உயிர்நீத்தார். பின்னர்ப் போரில் அவரது கல்லறையும் அழிந்தது.

ஆயினும் அவர் குறித்த இடம் பிழைபடவில்லை. 1941-இல் வால்ட்டர் பாடே என்னும் அறிஞர், அமெரிக்காவின் வில்சன் மலையிலுள்ள 100 அங்குலத் தொலைநோக்கியை அவ்விடம் நோக்கித் திருப்பி, ஒளிரும் வாயுத் திட்டுகளைக் கண்டார். வெடிப்புக்கு முன்னரே அவ்விண்மீன் மண்டலம் வெளியேற்றியிருந்த வாயு அது. பின்னர்ச் சிதறிய பொருள் அதன்மீது மோதியதால் எழுந்த அதிர்ச்சி அலை அதனைச் சூடாக்கி ஒளிரச் செய்கிறது. சிதறல்களில் சில இன்றும் நொடிக்கு 10,000 கிலோமீட்டர் அளவில் விரைகின்றன. வடபுறத்தில் வாயு அடர்ந்திருப்பதால் அங்கே வேகம் தணிந்துள்ளது. அவ்வேறுபாட்டைக் கொண்டு, வெடிப்பதற்கு முன் அது வாழ்ந்த வாழ்வை அறிஞர் கணிக்கின்றனர்.

நிலையான வீடில்லாத ஒருவர் செம்மையாகச் செய்த வேலை, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பயன் தந்தது. வேற்றூரில் வாழும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லத்தக்க வரலாறு இது.